ஜன்னலைத் திறப்பதற்கு முன்னால்

1

ரொட்டிக்கடை அடுப்பு இல்லாமல் வீட்டிலேயே கிறிஸ்துமஸ் கேக் சுடுவது எப்படி என்று எழுதி அனுப்பச் சொல்லி, தூத்துக்குடியிலிருந்து நம் சபைப் பத்திரிகைக்காரர்கள் கடிதம் போட்டிருக்கிறார்கள். "மகாராஜா ஊரில் குடியிருக்கிறீர்கள், அங்கே எல்லாம் நாகரிகமாக இருக்குமே" என்று அதில் ஒரு வரி வேறு. நாகரிகமாம்! நான் மைசூருக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. மகாராஜாவைத் தசராவில் யானைமேல் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. என்னிடம் உள்ள நாகரிகமெல்லாம் ஒரு கரி அடுப்பு, ஒரு செம்புப் பானை, ஒரு இரும்புத் தட்டு.

கேட்டதற்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பானைக்குள் நாலு விரல் உயரத்துக்குச் சலித்த ஆற்று மணலைப் போட்டுக் கரி அடுப்பில் ஏற்றுங்கள். மணல் நன்றாகச் சூடானதும், மாவு ஊற்றிய தகரத்தை அதன்மேல் வைத்துப் பானையை இரும்புத் தட்டால் மூடுங்கள். தட்டின்மேல் கனிந்த கரியைப் பரப்புங்கள். கீழே தணல் குறைவாகவும் மேலே கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கட்டும். அவசரப்பட்டு நடுவில் திறந்தால் கேக் நடுவயிற்றில் குழி விழுந்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துச் சுத்தமான ஈர்க்குச்சியால் குத்திப் பாருங்கள். மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது.

இதோடு பேனாவை மூடி வைத்துவிட்டுப் போகலாம். ஆனால் இதைப் படித்துவிட்டு யாரோ ஒருத்தி, மழைக்கோ குளிருக்கோ, கதவைச் சாத்திக்கொண்டு இதைச் செய்தால்? சகோதரிகளே, மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைக்காதீர்கள். முற்றத்தில் செய்யுங்கள், கொல்லையில் செய்யுங்கள், தெருவில் வைத்துக்கூடச் செய்யுங்கள். என் மகள் கிரேஸ் இதே கேக்கினால் சாகக் கிடந்தாள். அந்த விவரம் என் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒன்றும் அதில் இருக்கிறது. இத்தனை வருஷமாக நான் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. அச்சில் போட்டால் என் பெயரைப் போட்டுவிடாதீர்கள்.

2

மைசூருக்கு வந்த புதிதில் எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். இவருக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை. காலையில் போனால் சாயந்திரம்தான் வருவார். காய்கறிக்காரி என்ன சொல்கிறாள் என்று புரியாது. தபால்காரர் கதவைத் தட்டினால் அடுக்களையில் போய் நின்றுகொள்வேன். கிரேஸுக்கு அப்போது ஐந்து வயது. தெருப் பிள்ளைகளோடு விளையாடி மூன்றே மாதத்தில் கன்னடம் பிடித்துக்கொண்டாள். கடையில் எனக்கு அவள்தான் பேசுவாள். பாவாடை கட்டிய துபாஷி! முதலில் பெருமையாக இருந்தது. அப்புறம் ஒருநாள் வீட்டிலும் என்னிடம் கன்னடத்திலேயே பேச ஆரம்பித்தாள், எனக்குப் பகீரென்றது. இந்தப் பிள்ளை என் கையை விட்டுப் போய்விடுவாளோ என்ற பயம் அன்றைக்குப் பிடித்தது.

வீடு கிடைக்கப் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. வாசலில் நிற்க வைத்து, இவர் பெயரைக் கேட்பார்கள். பெயரைக் கேட்டதும் வீடு காலி இல்லாமல் போய்விடும். கடைசியில் இவருடைய ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு ஐயங்கார், மேலாபீசர் வற்புறுத்தியதால், லட்சுமிபுரத்தில் தன் வீட்டுப் பின்கட்டைக் கொடுத்தார். அவர்கள் மேலுகோட்டை வழி வந்த குடும்பம். பல தலைமுறையாக இந்தச் சீமையில் இருந்தாலும் வீட்டுக்குள் தமிழ்தான், நமக்குக் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டிய தமிழ். அவருடைய மனைவி வேதவல்லி மாமி, வீட்டைக் காட்டும்போதே சட்டத்தையும் சொல்லிவிட்டாள்.

"கொழாய் ஒங்களுக்கு, கெணறு எங்களுக்கு. நீங்க என்ன தளிகை பண்ணிண்டாலும் நான் எட்டிப் பாக்க மாட்டேன். ஆனா மாம்சம், முட்டை ரெண்டும் இந்த ஆத்துக்குள்ளே வரப்படாது. வந்தா அன்னிக்கே காலி பண்ணிடணும், ஆமா."

"சரிங்க மாமி" என்றார் இவர். நானும் தலையை ஆட்டினேன். அந்த நேரத்தில் உப்புக்கூடச் சேர்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பேன்.

வீடு போனால் வீடு மட்டும் போகாது. அது ரேஷன் காலம். அட்டையில் விலாசத்தை மாற்ற வேண்டுமென்றால் வீட்டுக்காரரிடம் கடிதம், பழைய கடையில் ஒரு கையெழுத்து, ஆபீசில் ஒரு கையெழுத்து, "நாளெ பன்னி", நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்பும் ஒரு குமாஸ்தா. நாளை என்பது இருபது நாள் ஆகும். அதுவரை அரிசியும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ஒரு தடவை எங்கள் அட்டையில் கிரேஸின் பெயரையே விட்டுவிட்டார்கள். அதைச் சேர்ப்பதற்கு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் மேஜைக்கு முன்னால் நிறுத்தி, "இதோ இருக்கா, உயிரோடதான் இருக்கா" என்று நான் தமிழில் கத்த வேண்டியிருந்தது. அதனால்தான், மாமி முகம் கொஞ்சம் சுளித்தாலும் நான் முதலில் ரேஷன் அட்டையைத்தான் எடுத்துப் பார்ப்பேன்.

3

முதல் கிறிஸ்துமஸுக்கு வெல்லம் போட்டுப் பொரிவிளங்காய் உருண்டை பிடித்தேன். கிரேஸ் அதைத் தின்றாள். அடுத்த வருஷம், அதாவது சுதந்திரம் வந்து இரண்டாவது கிறிஸ்துமஸுக்கு, பள்ளிக்கூடத்தில் யாரோ கேட்டார்களாம், "உங்கள் பண்டிகைக்கு என்ன செய்வீர்கள்" என்று. இவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"நமக்குன்னு ஒண்ணும் கிடையாதாம்மா?" என்று வந்து கேட்டாள்.

எனக்கு நெஞ்சில் முள் தைத்தது. தூத்துக்குடியில் இருந்தால் இந்தக் கேள்வியே வராது. நாம் வீட்டில் மாவைக் கலக்கித் தகரத்தில் ஊற்றி, மூடியில் பெயர் எழுதி ரொட்டிக்கடைக்குக் கொடுத்து அனுப்பிவிடுவோம். ரொட்டியெல்லாம் வெந்து இறங்கின பிறகு, மிச்சச் சூட்டில் ஊர்க் கேக்கெல்லாம் வேகும். கேக் எப்படி வேகிறது என்று பார்க்கவே வேண்டியதில்லை. நானும் பார்த்ததில்லை.

அதே நினைப்பில் இங்கேயும் தெருமுனை ரொட்டிக்கடைக்கு இவரைப் போய்க் கேட்கச் சொன்னேன். கடைக்காரரும் ஐயங்கார்தான். முட்டை சேர்த்த மாவா என்று கேட்டுவிட்டு, தகரத்தைத் தன் அடுப்புப் பக்கமே கொண்டுவரக் கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டாராம். "ஏட்டி, நாலு பேர் முன்னால என் மானம் போச்சு, போதுமா?" என்று இவர் வந்து என்மேல் பாய்ந்தார். பிறகுதான் ஆபீஸ் நண்பர் ஒருவர் பானையும் மணலுமாகச் செய்கிற இந்த முறையைச் சொல்லிக் கொடுத்தார்.

நான் சரியென்று துணிந்துவிட்டேன். என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததென்று தெரியவில்லை. காப்பியில் சர்க்கரை போடாமல் குடித்துச் சேர்த்தோம். மைதா மாவு ஆபீஸ் நண்பர் தயவு. ஆறு முட்டைகளை இவர் டிபன் கேரியரின் நடு அடுக்கில் உமி போட்டுக் கொண்டுவந்தார். வாசலில் ஐயங்கார் நின்றிருந்தாராம், "என்ன, இன்னிக்கு மத்தியானம் சாப்பிடலையா, கேரியர் கனமா இருக்கே?" என்று கேட்டாராம். இவர் வயிற்றுவலி என்றார். அதற்கு மாமி இரக்கப்பட்டு மிளகு கஷாயம் கொடுத்தனுப்பினாள். அதைக் குடிக்கும்போது இவர் முகத்தைப் பார்க்கணுமே!

முட்டையை மறைத்துவிட்டோம், முட்டை வாசனையை எப்படி மறைப்பது? மார்கழி மாதம் வேறு. மாமி விடியுமுன் குளித்துக் கோலம் போட்டு, மடியாகப் பொங்கல் வைக்கிற மாதம். அந்த மாதத்தில், அந்த வீட்டில், முட்டை! தெரிந்தால் பெட்டி படுக்கையெல்லாம் தெருவில்தான். நல்லவேளையாக, பண்டிகைக்கு மூன்று நாள் முன்பு ஐயங்காரும் மாமியும் ஸ்ரீரங்கப்பட்டணம் ரங்கநாதர் கோயிலுக்குப் போய் இருட்டும்போதுதான் திரும்புவதாகச் சொன்னார்கள். அன்றைக்கென்று குறித்துக்கொண்டேன்.

4

அவர்கள் போனதும் ஆரம்பித்தேன். இவர் ஆபீசுக்குப் போயாயிற்று. கிரேஸுக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை. குளிருக்கு அடுப்பை ஒட்டிப் பலகை போட்டு உட்கார்ந்துகொண்டாள். முட்டை அடிப்பதை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. நுரை பொங்கப் பொங்கக் கைதட்டினாள். நான்தான் "ஏட்டி, சத்தம் போடாத" என்று அடக்கினேன். ஆள் இல்லாத வீட்டில் யாருக்குக் கேட்கப்போகிறது? ஆனாலும் பயம்.

தகரத்தை உள்ளே வைத்து மூடித் தணலைப் பரப்பினேன். கொஞ்ச நேரத்தில் வாசனை கிளம்பியது பாருங்கள், எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வெளிக்கதவு கிரீச்சென்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், மாமி! தனியாக, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லையாம், கால் வலி தாங்காமல் ஐயங்காரை மட்டும் அனுப்பிவிட்டு வந்துவிட்டாளாம். பிறகு சொன்னாள். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமி நேரே கிணற்றடிக்கு வந்து கால் கழுவி, முறத்தை எடுத்துவந்து என் அடுக்களை ஜன்னலுக்குப் பத்தடி தூரத்தில் வெயிலில் உட்கார்ந்துவிட்டாள் என்பதுதான்.

ஜன்னலைச் சத்தமில்லாமல் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். கதவைச் சாத்திக் கீழே சந்தில் ஈரச் சாக்கைத் திணித்தேன். புகைக்கூண்டை மழைக்காலத்திலேயே தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். அது போதாதென்று வாசனை போகாமலிருக்கச் சாவித்துவாரத்திலும் துணியைச் செருகினேன். விறகடுப்பாக இருந்தால் அறை புகைந்து கண் எரிந்து நானே திறந்திருப்பேன். கரிக்குத்தான் புகையே இல்லையே! புகை இல்லாத நெருப்பு என்ன செய்யும் என்று நினைத்தேன். ஊரில் நான் கரி அடுப்பை மூடின அறையில் வைத்ததே கிடையாது. அங்கே நம்மை எந்தக் குளிர் கதவைச் சாத்த வைத்தது?

"மாமி வந்துட்டாக. வாயத் தொறந்த, கொன்னுபோடுவேன். மூச்சுக் காட்டாம இரி" என்று கிரேஸின் காதில் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "அம்மா, தலெ நோய்த்தா இதெ" என்றாள். எனக்கு எரிச்சல். "தமிழ்ல சொல்லுட்டி. தலை வலிக்குன்னு சொல்லு" என்றேன். "தலை வலிக்கு" என்று திருத்திச் சொன்னாள். அதை நினைத்து நினைத்து நான் அழாத நாள் இல்லை. பிள்ளை தலை வலிக்கிறது என்கிறாள். நான் அவளுக்குப் பாடம் நடத்துகிறேன்.

எனக்கும் தலை கனத்தது. நெஞ்சு படபடத்தது, கால் துவண்டது. பயத்தினால் என்று நினைத்துக்கொண்டேன். பயந்தால் எனக்கு எப்போதும் அப்படித்தான் ஆகும். அதனால் சந்தேகமே வரவில்லை.

திரும்பிப் பார்த்தபோது கிரேஸ் பலகையிலிருந்து சரிந்து சுவரோரம் கிடந்தாள். முகம் நன்றாகச் சிவந்திருந்தது. "கிரேஸ்" என்று கூப்பிட்டேன். எப்படிக் கூப்பிட்டேன் தெரியுமா? மாமிக்குக் கேட்காமல், கிசுகிசுவென்று. பதில் இல்லை. கையைத் தூக்கினேன். ஈரத்துணி மாதிரி விழுந்தது. ஆண்டவரே, பிள்ளைக்கு என்னமோ ஆகிவிட்டது, காற்று வேண்டும் என்று அந்த நிமிஷம் எனக்குப் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எழுந்து போய் ஜன்னல் தாழ்ப்பாளில் கை வைத்தேன். பலகையிடுக்கில் மாமியின் முதுகு தெரிந்தது.

ஜன்னல் மேடையில் முட்டை ஓடுகள் கிடந்தன.

இதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தேன். ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். ஒன்று கை தவறி அடுப்படியில் உருண்டது. குனிந்து அதையும் தேடி எடுத்தேன். எல்லாவற்றையும் கரி வாளியில் போட்டு, மேலே கரியை அள்ளி மூடினேன். முந்தானையில் கையைத் துடைத்தேன். அதன் பிறகுதான் ஜன்னலைத் திறந்தேன். அதன் பிறகுதான் "மாமீ!" என்று கத்தினேன்.

எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? எனக்குத் தெரியவில்லை. கஞ்சி ஒரு கொதி வருகிற நேரம் இருக்கும். கூடவும் இருக்கும்.

5

முழங்கால் வலிக்காரி எப்படி ஓடிவந்தாள் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். "ஐயோ, ஏனாயித்து?" என்று பதற்றத்தில் கன்னடத்திலேயே என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே கதவை இடித்துத் தள்ளி, சாக்கைக் காலால் எத்திவிட்டு உள்ளே வந்தாள். மடிப்புடவை என்று பார்க்கவில்லை, எங்கள் அடுக்களை என்று பார்க்கவில்லை. பிள்ளையை வாரித் தூக்கிக் கிணற்றடியில் கிடத்தி, நாங்கள் தொடக் கூடாத கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து முகத்தில் அடித்தாள். மார்பைத் தேய்த்தாள், உள்ளங்காலைத் தேய்த்தாள். நான் பக்கத்தில் முழங்காலிட்டு ஜெபம் பண்ணினேனா, புலம்பினேனா, நினைவில்லை. கடைசியில் கிரேஸ் ஓங்கரித்து வாந்தி எடுத்து அழ ஆரம்பித்தாள். அந்த அழுகைக்கு ஈடாக எதையும் நான் கேட்டதில்லை.

"கரி அடுப்பெ உள்ளே வெச்சுண்டு யாராவது ஜன்னலெச் சாத்துவாளோடீ?" என்றாள் மாமி. அவளுக்கு மூச்சு வாங்கியது. "என் தங்கை பிள்ளை பெத்துண்டு படுத்திருந்தா. குளிருக்குன்னு கரி அடுப்பு வெச்சுக் கதவெச் சாத்தினா. கார்த்தாலே தெறந்தா தாயும் இல்லே, சிசுவும் இல்லே." பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "கொழந்தெ சாஞ்ச ஒடனே தெறந்துட்டியோன்னோ?"

"உடனே தொறந்துட்டேன் மாமி" என்றேன்.

சாயந்திரம் டாக்டரும் அதையேதான் கேட்டார். இவரும் கேட்டார். எல்லாரிடமும் உடனே, உடனே என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள், நல்ல வேளை, புத்திசாலித்தனமாக நடந்துகொண்டீர்கள்" என்றார் டாக்டர். என்னைப் புத்திசாலி என்று ஒருவர் சொன்னது என் வாழ்க்கையிலேயே அது ஒரு தடவைதான்.

கேக் கரிந்து கட்டையாகிவிட்டது. மாமி அதைப் பார்த்தாள், மூக்கிலும் ஏறியிருக்கும். அன்றைக்கு அந்தக் குளிரில் மறுபடி தலைக்குக் குளித்தாள். மறுநாள் காலையில் குழாயடியில் என்னைப் பார்த்து, "மாமா கிட்டே நான் ஒண்ணும் சொல்லலே. இனிமே நீ எது பண்ணினாலும் ஜன்னலெத் தெறந்து வெச்சுண்டு பண்ணு. வாசனை வந்தா நான் மூக்கெ மூடிக்கறேன்" என்றாள். எனக்கு அவள் காலில் விழத் தோன்றியது. விழுந்திருந்தால் அந்த முட்டை ஓட்டு விஷயத்தையும் உளறியிருப்பேன். அதனால் விழவில்லை. அடுத்த வருஷம் ரயில்வே குவார்ட்டர்ஸ் கிடைத்து அந்த வீட்டைக் காலி செய்தோம்.

அன்று பிடித்த பயம் என்னை விடவில்லை. கிரேஸ் பகலில் கொஞ்சம் அசந்து தூங்கினாலும் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். காரணம் இல்லாமல் எழுப்புவேன். "அம்மா, நான் இருக்கேன்" என்று எரிச்சலோடு திரும்பிப் படுப்பாள். மூச்சு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதாக அவள் நினைத்துக்கொண்டாள். அதோடு இன்னொரு பயமும் எனக்கு உண்டு. அன்றைக்கு நான் செய்தது அவளுக்குத் தெரியுமா, தெரியாதா?

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. ரேஷனை எடுத்துவிட்டார்கள். சர்க்கரை தாராளமாகக் கிடைக்கிறது. எங்களுக்கென்று கொல்லை இருக்கிறது. உங்களுக்கு எழுத அளவு சரியாகத் தெரிய வேண்டுமே என்று போன சனிக்கிழமை கொல்லையில் பானையை ஏற்றினேன். கிரேஸ்தான் முட்டை உடைத்தாள். பத்திரிகைக்கு என்ன எழுதப்போகிறாய் என்று கேட்டாள். எப்போதும் சொல்கிற மாதிரியே சொன்னேன். "கரி அடுப்பால நீ மயங்கி விழுந்துட்ட. நான் ஒடனே ஓடிப்போய் ஜன்னலத் தொறந்தேன். மாமி வந்தாக."

அவள் முட்டை ஓடுகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"நான் கண்ணத் தொறந்துதாம்மா கெடந்தேன்" என்றாள். "நீ ஓடு பொறுக்குனத பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"அப்போ ஏன்ட்டி கூப்பிடல?" என்றேன். பெற்ற பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது?

"நீதான மூச்சுக் காட்டாதன்னு சொன்ன" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகவும் சொல்லவில்லை. பிறகு கிண்ணத்தைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டி, "இன்னும் ரெண்டு முட்டை போடவாம்மா?" என்று கேட்டாள்.

போடு என்றேன். வேறு என்ன சொல்ல, நீங்களே சொல்லுங்கள்.